சாவியக்காவின் வெற்றுச் சுவர்

சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கினால் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று பொருள். மறுபடி குலுங்கினால் செருப்பைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கடுத்த குலுக்கல் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அதுவரை உட்கார்ந்திருக்கும் துணிச்சல் எவருக்கும் வந்ததில்லை. கதவோரம் நின்று குலுக்கும்போது சாவியக்கா வாயைத் திறப்பதே இல்லை. உள்ளே நடப்பது பிரார்த்தனையா, பிரசங்கமா, உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் பாட்டா என்பதைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலை கிடையாது. பிறகு யாராவது கேட்டால், "சாமியா இருந்தாலும் பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணிதான்" என்பார். "அடுத்த ஆளுக்குக் கூட்டித் துடைச்சுக் குடுக்க வேண்டாமா?"

நகராட்சிப் பொது மண்டபத்தின் காப்பாளர் அவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குள்ளமான, கெட்டியான உடம்பு. இரண்டு நாற்காலியை ஒரு கையில் தூக்குவார். மண்டபத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையும் சமையற்கட்டுமாகக் குடியிருப்பு. கணவர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பேசும்போது குறுக்கே பேசாமலிருக்கும் வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது. ஆனால் எப்போதாவது பேசினால் சரியான இடத்தில் பேசிவிடுவார்.

மண்டபம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மேடைகூடக் கிடையாது. ஒரு பக்கம் சன்னல்கள், எதிர்ப்பக்கம் நீளமான வெள்ளைச் சுவர், மடக்கு நாற்காலிகள், தண்ணீர்க் குழாய் ஒழுகும் ஒரு கைகழுவும் தொட்டி. ஆனால் ஊரில் குறைந்த வாடகைக்கு இவ்வளவு பெரிய கூரை வேறு கிடையாது. ஆகவே தனிக் கட்டடம் கட்டிக்கொள்ள வசதியில்லாத அத்தனை வழிபாட்டுக் கூட்டங்களும் இங்கேதான் வந்து சேரும். அவர்களை மதத்தின் பேர் சொல்லி அக்கா குறிப்பிட்டு யாரும் கேட்டதில்லை. கிழமைதான் கணக்கு.

திங்கட்கிழமைக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து ஒருநாள் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டார். உள்ளே ஒரு கூட்டமே இருந்தது. விளக்கு அணைந்ததும் தியானத்தில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று அவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள். வாசலைத் தாண்டிப் போன கணவர்தான், "ஏம்மா, இன்னைக்கு எல்லாரும் வெறுங்காலோடவா வீட்டுக்குப் போனாங்க?" என்று கேட்டார். இன்றைக்கும் திங்கட்கிழமை பூட்டுவதற்கு முன் அக்கா முதலில் செருப்பைத்தான் பார்ப்பார்.

புதன்கிழமைக்காரர்கள் இதற்கு நேர்மாறு. கைதட்டிப் பாட ஆரம்பித்தால் சன்னல் கண்ணாடி அதிரும். வியாழக்கிழமை வருகிறவர்கள் கடவுளே இல்லை என்கிறவர்கள்; ஒருவர் பேசி முடித்ததை இன்னொருவர் மறுத்து, அதை மற்றொருவர் மறுத்து, கூட்டம் முடிவதாகவே தெரியாது. "இல்லாத ஒருத்தரைப் பத்திப் பேச இவ்வளவு நேரமா?" என்று அக்கா கேட்பார். சிரித்துக்கொண்டே இன்னும் கால் மணி கேட்பார்கள். கிடைக்காது. ஆனால் அவர்கள் மறந்துவிட்டுப் போகும் துண்டுப் பிரசுரங்களையும், மற்றவர்கள் மறந்துவிட்டுப் போகும் வேத புத்தகங்களையும் ஒரே மாதிரி வெளுத்த துணியில் சுற்றி, ஈரக்கை படாமல் எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

சனிக்கிழமை அக்காவின் சொந்த ஆட்கள். ஊரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அக்காவுக்குப் பக்தி இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையில் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டார்; பால் கணவர் பொறுப்பு. சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து, ஆண்பிள்ளைக் குரல் மாதிரி கனத்த குரலில், கண்ணை மூடி உருகி உருகிப் பாடுவார். நேரமாகிவிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து சாவியைக் குலுக்குவார். பாட்டும் நிற்காது, குலுக்கலும் நிற்காது.

ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு திசையைப் பார்த்து உட்காரும். போனதும் நாற்காலிகளை மடக்கி ஓரமாக அடுக்கி, சுவரில் எதுவும் மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு, சன்னலையெல்லாம் திறந்துபோட்டால்தான் அக்காவுக்கு மூச்சு வரும். "மண்டபத்துக்கு மொகம் கிடையாது. வர்றவங்க எந்தப் பக்கம் திரும்புறாங்களோ அதான் அன்னைக்கு அதோட மொகம்" என்பது அவருடைய வாய்ப்பாடு.

இப்படிப்பட்டவரின் மண்டபத்தில்தான் போன மாதம் ஒரு பலகை ஏறியது.

கணவரின் கண்ணில் புரை எடுப்பதற்காக அக்கா ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மண்டபத்தைத் திறந்தால், வெள்ளைச் சுவரின் நட்டநடுவே ஆளுயர மரப்பலகை. மேலே சனிக்கிழமைக்காரர்களின் புனிதச் சின்னம். அதன் கீழே அவர்களுடைய வேத வாக்கியம் ஒன்று. அதற்கும் கீழே, 'நினைவாக' என்ற சொல்லோடு, அக்காவின் அப்பா பேர். அந்தக் கூட்டத்தைக் கடைசி மூச்சுவரை முன்னின்று நடத்தியவர் அவர். செய்து மாட்டியது அக்காவின் அண்ணன்; மரக்கடை வைத்திருப்பவர், இப்போது கூட்டத்தின் தலைவரும் அவர்தான். பலகையின் அடியில் ஒரு பித்தளைத் தகடு. திறந்துவைத்தது நகராட்சித் தலைவர் என்று அதில் இருந்தது. அப்பாவின் பேரைவிட அந்த எழுத்து கொஞ்சம் பெரிது.

அக்கா அப்பாவின் பேரைத் தடவிப் பார்த்தார். அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. "நல்லா இழைச்சிருக்கான்" என்று கணவரிடம் சொன்னார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுநாள் திங்கட்கிழமைக்காரர்களின் நாற்காலிகள் எங்கே வரும் என்று பார்த்தார். அவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார்கள்.

அன்று மாலையே மரக்கடைக்குப் போய்விட்டார். தங்கை நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று அண்ணன் மரத்தூளைத் தட்டி நாற்காலி போட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணே. வந்து கழட்டிட்டுப் போ."

அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது. "அப்பா பேரு அது. யாரோ எவரோ இல்ல."

"அதனாலதான் ஒன்கிட்ட சொல்றேன். வேற யாராச்சும் மாட்டியிருந்தா இந்நேரம் நானே கழட்டியிருப்பேன்."

"நாமதானே இந்த ஊர்ல ஜாஸ்தி? தலைவரே சரின்னுட்டாரு. ஒனக்கு என்ன வந்துச்சு?"

"நாளைக்கு வர்றவங்க அப்பா முன்னால உக்காந்து அவங்க சாமியக் கும்பிடணுமா? அவங்களும் வரி கட்டுறாங்க, வாடகை குடுக்குறாங்க. ஒண்ட வந்தவங்க மாதிரி ஆயிடுவாங்கண்ணே."

அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். அக்கா விடவில்லை. இவர்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சனிக்கிழமைக்காரர்கள் ஒரு கைப்பிடிதான். மண்டபச் சுவரில் அன்றைக்கு வேறொரு கூட்டத்தின் பெரிய படம் நிரந்தரமாகத் தொங்கியது. அப்பா அதற்கு முதுகைக் காட்டி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, எல்லோரையும் வாசற்கதவைப் பார்த்து உட்காரவைத்துப் பிரார்த்தனை நடத்துவார்.

"மறந்துட்டியா? லேட்டா வர்றவன் கதவைத் தொறந்தா மொத்தக் கூட்டமும் அவனையே பாக்கும்."

"அடுத்த வாரம் அவன் வரவே மாட்டான்" என்று அண்ணன் தன்னை மறந்து சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை விழுங்கினார். "அதனாலதான் மாட்டினேன். அன்னைக்கு நாம பட்டோம். இப்ப நம்ம முறை."

"முறைன்னு ஒண்ணு வச்சா அடுத்த முறையும் வரும்ல? இன்னும் முப்பது வருசத்துல புதன்கிழமைக்காரங்க பெருகிட்டா, ஒன் பேரன் கதவைப் பாத்துக் கும்பிடுவான். அப்புறம் இன்னொண்ணு. அந்தத் தகடு. நம்மப்பா சாமி கும்பிட எந்தத் தலைவர்கிட்டயும் போயி நின்னதில்ல. சர்க்கார் கைபட்டா சாமிக்கும் கட்சி வந்துரும்."

அண்ணன் எழுந்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "அந்தப் பலகையில கை வச்சேன்னா, சனிக்கிழமை ஒனக்கு அங்க நாற்காலி கிடையாது."

"நாற்காலி போடுறதே நான்தானேண்ணே" என்றார் அக்கா.

வாசல்வரை நிமிர்ந்துதான் வந்தார். தெருத் திரும்பியதும் நடை தளர்ந்துவிட்டது. அப்பா போன பிறகு அவருக்கு மிச்சமிருக்கும் பிறந்த வீடு இந்த அண்ணன் ஒருவர்தான். சொந்தம், சிநேகிதம் எல்லாம் அந்தச் சனிக்கிழமை நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதை இழக்க அவர் தயாராக இல்லை. சுவரை விட்டுக்கொடுக்கவும் தயாராக இல்லை.

திங்கட்கிழமை காலை நகராட்சித் தலைவரைப் பார்த்தார். "உங்கப்பா பலகைதானேம்மா, சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அக்கா விஷயத்தைச் சொன்னார். வைக்கச் சொன்னால் ஒரு கூட்டம் கோபிக்கும், எடுக்கச் சொன்னால் பெரிய கூட்டம் கோபிக்கும். தலைவர் நெற்றியைத் தேய்த்துவிட்டு, "மண்டபம் உங்க பொறுப்பு. பாத்துச் செய்யுங்க" என்றார். மாட்டிக்கொள்ளாமல் நழுவுகிறோம் என்று அவர் நினைத்திருக்கலாம். அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

மத்தியானம் முக்காலி போட்டு ஏறினார். ஒரு கண்ணில் கட்டோடு கணவர் கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஒத்தக் கண்ணோட எதுக்கு வர்றீங்க?" என்று அக்கா அதட்டியதற்கு, "பிடிக்கிறதுக்குக் கைதானே வேணும்?" என்றார். திருகாணிகளைக் கழற்றும்போது அக்கா வேத வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பலகை கனமோ கனம். இறக்கி, துடைத்து, தங்கள் வீட்டுக் கட்டிலின் மேல் கிடத்தி, அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அப்பா எங்க வீட்டுல இருக்காரு. வந்து கூட்டிட்டுப் போ. சனிக்கிழமை கொண்டு வா, நானே தூக்கி வைக்கிறேன். முடிஞ்சதும் நானே எறக்குறேன்."

அண்ணன் போனை வைத்துவிட்டார். மறுநாள் கடைப் பையன்கள்தான் தள்ளுவண்டியோடு வந்து ஏற்றிப் போனார்கள். அந்த வாரம் முழுக்க அண்ணன் போன் எடுக்கவில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்ட சனிக்கிழமைக்காரப் பெண்கள் திடீரென்று கைப்பைக்குள் எதையோ தேடினார்கள். அக்கா வழக்கத்தைவிடச் சத்தமாக, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வந்தது. அக்கா எப்போதும்போல நாற்காலிகளை விரித்துப் போட்டார், தனக்கும் சேர்த்து முன்வரிசையில். கூட்டம் தொடங்கச் சற்று முன்பு அண்ணனே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பலகை இருந்தது. பித்தளைத் தகடு இல்லை. அது இருந்த இடத்தை இழைத்து மெருகு போட்டிருந்தார். தங்கையின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அக்காவும் ஒன்றும் கேட்காமல் ஒரு முனையைத் தூக்கி, சுவரோரம் மேசைமேல் சாய்த்து நிறுத்த உதவினார்.

கூட்டம் நிறைந்தது. அக்காவின் இடப்பக்க நாற்காலியும் வலப்பக்க நாற்காலியும் காலியாகவே கிடந்தன. பின்னால் இடமில்லாமல் நின்றவர்கள்கூட அங்கே வந்து உட்காரவில்லை. அக்காவுக்கு வலித்தது. தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு, அப்பாவின் பேரைப் பார்த்தபடியே, எல்லோருக்கும் மேலாக ஒலிக்கும் அதே கனத்த குரலில் கடைசிவரை பாடினார். நேரம் நெருங்கியதும் சாவியும் குலுங்கியது.

முடியும்போது வெளியே மழை பிடித்துவிட்டது. ஜனங்கள் வாசல் கூரைக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா சொன்னபடியே பலகையை இறக்கினார். மறுமுனையை அண்ணன் பிடித்துக்கொண்டார். வண்டியில் ஏற்றியாயிற்று. மூடிக்கொண்டு போகத் தார்ப்பாய் கொண்டுவரவில்லை.

"மழை விடட்டும். அதுவரைக்கும் உள்ளயே இருக்கட்டுமே" என்றார் அண்ணன். ஒரு வாரத்துக்குப் பிறகு தங்கையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"ரெண்டு மணிக்கு வேற ஆளு வர்றாங்கண்ணே. நீ தள்ளு."

அண்ணன் வண்டியைத் தெருவில் இறக்கினார். சாவியக்கா கதவைப் பூட்டிவிட்டு, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, குடையை விரித்துப் பலகைக்கு மேலே எட்டிப் பிடித்தபடி, வண்டியோடு சேர்ந்து மழையில் நடந்தார்.