மனுக்காரரைப் பற்றி ஒரு பக்கம்

எங்கள் ஊர் எரியோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண்பது வீடுகள் இருக்கும், பெரும்பாலும் கிறித்தவக் குடும்பங்கள். தக்காளியும் முருங்கையும் போடுகிறவர்கள், நூற்பாலைக்குப் போகிறவர்கள், என்னைப் போல் திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வேலை பார்க்கிறவர்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று, அந்த வருடம் இறந்துபோனவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். பிறகு எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவோம். அவ்வளவுதான் வழக்கம்.

போன வருடம் புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை, பெயரை மட்டும் வாசித்தால் போதாது, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வாசிக்கலாம் என்றார். அவருக்கு ஊரில் யாரையும் தெரியாது. முகம் தெரியாதவர்களுக்குப் பூசை வைப்பது தனக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கணக்கு டீச்சர், கட்டுரையெல்லாம் வராது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் இறந்தவர்கள் நான்கு பேர். முதலில் எங்கள் தெருக்கடைசி வீட்டுப் பெரியவருக்காகப் போனேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது. நூற்றிரண்டு என்று எழுதச் சொன்னார்கள். ஞானஸ்நானப் பதிவில் இருக்கிறதே என்றேன். அந்தப் பதிவே தப்பு என்றார்கள். வயதைப் போடாமல் எழுதிக்கொடுத்தேன். இரண்டாவது, முருங்கைத் தோட்டம் வைத்திருந்தவர். அவர் மகன்கள் இருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே வரி: நல்ல மனிதர், எல்லோருக்கும் உதவியவர். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டு, அவர் முருங்கைக்காயை வாயிலேயே வைக்க மாட்டார் என்பது மட்டும் கிடைத்தது.

மூன்றாவது ஒரு பெண். முப்பத்து நான்கு வயது. நூற்பாலையில் பத்து வருடமாக வேலை பார்த்தவள், காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாள். அவள் கணவனிடம் கேட்டேன். சட்டைப் பையில் இருந்த போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். அவளோடு வேலை பார்த்த பெண்கள்தான் சொன்னார்கள். மில்லுக்குள் மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் கேட்காது. அவள் வாயை மட்டும் அசைத்து, கையால் ஜாடை காட்டி, நான்கு மெஷின் தள்ளி நிற்பவளிடம் ஒரு முழு சினிமாக் கதையைச் சொல்லிவிடுவாளாம். சூப்பர்வைசர் நடையை அவர் முதுகுக்குப் பின்னாலேயே செய்து காட்டுவாளாம். வீட்டிலும் அதே பழக்கம்தான். அம்மா வாயைப் பெரிதாகத் திறந்து திறந்துதான் பேசுவாள் என்று அவள் மகள் எனக்குச் செய்து காட்டினாள். அந்தப் பக்கத்தை எழுத எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

நான்காவது ஆள்தான் சிக்கல்.

அவரை ஊரில் மனுக்காரர் என்றுதான் சொல்வார்கள். இரண்டு ஏக்கர் தக்காளித் தோட்டம் இருந்தது. ஆனால் அவருடைய உண்மையான வேலை மனு எழுதுவது. திங்கட்கிழமையானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். தெருவிளக்கு எரியாவிட்டாலும் மனு, யாராவது வாய்க்காலில் குப்பை கொட்டினாலும் மனு. அவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் கிடையாது. சொந்த மகன் சாக்கடை மேல் படிக்கட்டு கட்டினான் என்று அவன்மேலும் கொடுத்திருக்கிறார்.

முறைக்கு அவர் எனக்கு மாமா. ஆனால் பத்தொன்பது வருடமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என் சம்பளத்தில்தான் அப்பா வீட்டை ஒட்டி ஒரு குளியலறையும் சுற்றுச்சுவரும் கட்டினார். சுவர் பொதுப்பாதைக்குள் வந்துவிட்டது என்று மாமா மனுக் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஜேசிபி வந்து சுவரையும் குளியலறையையும் இடித்துப் போட்டது. அப்பா அன்று முழுக்க வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அடி, வெறும் ஒரு அடிக்காக இப்படிப் பண்ணிவிட்டான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கும் நான்தான் எழுத வேண்டும் என்று சொன்னபோது அம்மா சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்தினார். அந்த ஆளுக்கு நீ எழுதப் போகிறாயா என்று கேட்டார். மறுநாள் சாயங்காலம், ஸ்கூல் விட்டு வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன்.

அத்தை தக்காளிக் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எழுதுறதா இருந்தா உள்ளத எழுது தாயி. நல்லவருன்னு எழுதிப்புடாத, சனம் சிரிக்கும்" என்றார்.

உள்ளே போய் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல்கள் நான்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். எல்லாம் மனுக்களின் நகல்கள். முதல் ஃபைலில் கார்பன் வைத்து எழுதியவை, பிறகு வந்தவை ஜெராக்ஸ். எழுத்து அச்சடித்தது மாதிரி இருந்தது. இரண்டு மூன்று சாயங்காலம் அங்கே உட்கார்ந்து படித்தேன். அத்தை தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இடையிடையே வந்து ஏதாவது சொல்வார்.

பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக் கதவு இல்லை என்று நான்கு மனுக்கள் இருந்தன. குடிநீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று. பஸ் மெயின்ரோட்டிலேயே நின்றுவிடுகிறது, ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும் என்று மூன்று வருடத்தில் ஏழு மனுக்கள். ஏழு நாற்பது பஸ் எங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்தது நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய வருடம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை அதில்தான் போய் வருகிறேன். அது யாரால் வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. டிரைவருக்குப் பின்சீட்டில் திங்கட்கிழமைதோறும் அவர் உட்கார்ந்திருப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போய்விடுவேன்.

எங்கள் சுவரைப் பற்றிய மனுவும் இருந்தது. அப்பாவைத் திட்டியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை இல்லை. பாதையின் அகலம், சுவரின் நீளம், உள்ளே வந்திருக்கும் அளவு: மூன்று அடி நான்கு அங்குலம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து டேப் எடுத்து அளந்தேன். இடித்த சுவரின் அஸ்திவாரக் கல் வரிசை இன்னும் மண்ணோடு மண்ணாகத் தெரிகிறது. கிராமக் கணக்கு வரைபடத்தில் எங்கள் இடம் எதுவரை என்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை அளந்தேன். மூன்று அடி நான்கு அங்குலம். உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அம்மா. அரிசியில் கல் பார்த்துக்கொண்டே, "உங்கப்பாவுக்கும் தெரியும்" என்றார்.

அவ்வளவு வருடம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அப்பாவை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும், அந்த வெட்கத்தை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

ஆனால் ஃபைலில் எல்லாமே அப்படி இல்லை. மெயின்ரோட்டு ஓரத்தில் ஒரு தம்பதி டீக்கடை வைத்திருந்தார்கள். புறம்போக்கு இடம்தான், ஆனால் கடை யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. மெயின்ரோட்டோடு போகிற மற்ற பஸ்களுக்கு நிற்கிறவர்களுக்கு மழைக்கு ஒதுங்க அதைவிட்டால் வேறு இடமும் கிடையாது. அவர் விடாமல் மனுப் போட்டு அதை எடுக்கவைத்தார். அவர்கள் நத்தத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு அந்த இடத்தில் எதுவும் வரவில்லை, சீமைக்கருவேல்தான் மண்டிக் கிடக்கிறது. அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அத்தை எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கடைக்காரி சாமானத்த வண்டியில ஏத்துன அன்னைக்கு நான் அவருக்குச் சோறு போடல. அதையும் எழுது."

மாமா பிறகு எப்போதாவது வருத்தப்பட்டாரா என்று கேட்டேன். "அது தெரியாது. வாயத் தொறந்து சொன்னதில்ல. ஆனா அதுக்கப்புறம் அந்தப் பக்கமா நடக்க மாட்டாரு. மெயின்ரோட்டுக்குப் போகணும்னாலும் சுத்திக்கிட்டுத்தான் போவாரு" என்றார்.

கடைசிக் காலத்தைப் பற்றியும் அத்தையே சொன்னார். சர்க்கரை. காலில் புண் வந்து, விரலை எடுத்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தலைக்கு மேல் இருந்த ஃபேன் ஓடவில்லை. வாயால் சொன்னால் போதாதா, நர்சம்மாவிடம் நான் சொல்கிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை. மகனிடம் தாள் வாங்கி, படுத்துக்கொண்டே மனு எழுதி, நகல் யாருக்கெல்லாம் என்று கீழே போட்டுக் கொடுத்தனுப்பினார். மறுநாள் மதியம் ஆள் வந்து ஃபேனைச் சரிசெய்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாள் அவர் இறந்துபோனார்.

நான் எழுதியதைப் பங்குத்தந்தை இரண்டு தடவை படித்தார். டீக்கடை விஷயம் வேண்டாமே, துக்கத்தில் இருக்கிற குடும்பம் என்றார். அந்தக் குடும்பம்தான் எழுதச் சொன்னது என்றேன். எங்கள் சுவரைப் பற்றி எழுதியிருந்த வரியை விரலால் தொட்டு, இது நிஜமா என்று கேட்டார். நானே அளந்தேன் என்றேன். சரி, நீங்களே வாசியுங்கள் டீச்சர் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போனவர்களும் வந்திருந்தார்கள். பெரியவர் பக்கத்தையும் முருங்கைத் தோட்டக்காரர் பக்கத்தையும் வாசித்தேன். அந்தப் பெண்ணின் பக்கத்தை வாசிக்கும்போது மில் பெண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள். பிறகு மாமாவின் பக்கம். ஆரம்பித்ததுமே பின்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸைப் பற்றிய வரி வந்தபோது சலசலப்பு அடங்கியது. எங்கள் சுவரின் அளவை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார், தலையைக் குனியவில்லை. டீக்கடையை வாசித்தேன். சோறு போடாததை வாசித்தேன். ஃபேன் மனுவுக்கு வந்ததும் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அத்தையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதற்கு அடுத்த வரி அவர் இறந்தது. அதை வாசித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளையடித்த கல்லறைகளின் சுண்ணாம்பு வழிந்தது. சனங்கள் தங்களை விட்டுவிட்டு மெழுகுவத்திகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அப்பா கல்லறையில் செவ்வந்தி மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அத்தை வந்தார்.

"கொஞ்சம் நீட்டிட்ட. பரவால்ல" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. கோழிக்குழம்பு இருக்கு, வெஞ்சனத்துக்கு அவரைக்கா வச்சிருக்கேன்" என்றார்.

அம்மா வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சேற்றில் முதல் ஆளாக நடந்தார்.

பத்தொன்பது வருடம் கழித்து அந்த வீட்டில் அன்றுதான் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவர்கள் மகன், படிக்கட்டுக் கதையை நான் சரியாக எழுதவில்லை என்று ஆரம்பித்தான். தன் அப்பா மனுக் கொடுத்ததோடு விடவில்லை, இடிக்க வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்லித் தன்னிடமே செம்பைக் கொடுத்தார் என்றான். அவன் மனைவி, தன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் குழந்தையைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றாள். அத்தை இன்னும் பழைய கதைக்குப் போனார். அம்மா முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு, சின்ன வயதில் மாமாவும் அப்பாவும் ஒரே சைக்கிளில் எரியோட்டுச் சந்தைக்குப் போவார்கள், மிதிக்கிறவன் நான், பின்னால் உட்கார்ந்து வழி சொல்கிறவன் அவன் என்று அப்பா குறைபட்டுக்கொள்வார் என்றார். எனக்கு அது புதுச் செய்தி.

இரண்டு மணி நேரம் எல்லோரும் அவரைப் பற்றிக் குறையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தை மறுபடி மறுபடி குழம்பு ஊற்றினார். நாங்கள் எழுந்து கை கழுவும்போது மழை விட்டிருந்தது.