பெறாமகளுக்கு ஒரு கிளெயிம்

இலங்கையில் போர் முடிந்த கோடைகாலத்தில் நான் கனடாவின் மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளெயிம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ்ப் பெயரோடு ஏதாவது சிக்கல் வந்தால் கோப்பு நேரே என் மேசைக்கு வந்துவிடும்.

அன்று காலை மேலாளர் டெப்ரா கொண்டுவந்து வைத்த கோப்பின் மேல் ‘மோசடி?’ என்று எழுதியிருந்தது. ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர், சிவா அண்ணை என்று வைத்துக்கொள்வோம். தீக்காயத்துக்கான பாண்டேஜ், கிறீம், கையுறை என்று பெட்டி பெட்டியாக வாங்கி ரசீது அனுப்பியிருந்தார். நோயாளி யார் என்ற இடத்தில் ‘மகள்’ என்று போட்டிருந்தார். அவருடைய பதிவில் மனைவியின் பெயர் மட்டும்தான் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஹெல்த் அக்கவுண்ட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பனி ஒவ்வொரு வருடமும் தொழிலாளியின் பெயரில் கொஞ்சம் காசு ஒதுக்கும். மருந்து, கண்ணாடி, பாண்டேஜ் என்று வாங்கி ரசீது அனுப்பினால் அதிலிருந்து திருப்பிக் கொடுப்போம். தனக்கு, துணைக்கு, பிள்ளைகளுக்கு மட்டும். வருடம் முடிந்தால் மிச்சமும் போய்விடும். வேறு யாருக்காவது வாங்கிவிட்டுப் பிள்ளைக்கு என்று சொன்னால் கம்பனிக்குக் கடிதம் போகும். வேலையும் போகும்.

பிள்ளையே இல்லாதவருக்கு மகள் எங்கிருந்து வந்தாள் என்று டெப்ரா கேட்டார். நியாயமான கேள்விதான். பின்னேரம் வரை பொறுக்கச் சொல்லிவிட்டு, மதிய இடைவேளையில் சிவா அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, உங்களுக்கு மகள் இருக்கிறாவோ?”

“ஓம் தங்கச்சி. ஒன்பது வயசு. இப்ப வவுனியா அகதி காம்பிலை நிக்கிறாள்.”

“உங்கடை பதிவிலை இல்லையே?”

“தம்பியின்ரை மகள். தம்பியும் மனிசியும் சண்டையின்ரை கடைசி நாளுகளிலை செத்துப்போச்சினம். இவளுக்குக் கால் எரிஞ்சு போச்சு. இனி நான்தானே தகப்பன்.”

அந்தக் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. தம்பி பிள்ளை நமக்குப் பெறாமகள். கூப்பிடும்போது வெறும் மகள்தான். யாரும் அதற்குப் பத்திரம் கேட்பதில்லை. முகாமில் காயம் கட்டுவதற்குத் துணிகூடக் கிடைக்கவில்லையாம். தெரிந்த ஒருவர் கொழும்புக்குப் பயணம் என்று கேள்விப்பட்டதும், மனிதர் கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கடையையே அள்ளியிருக்கிறார்.

ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னேன். இந்தக் கிளெயிமுக்குக் காசு வராது, தவறுதலாக அனுப்பினேன் என்று எழுதி இன்றைக்கே திரும்ப எடுங்கள் என்றேன்.

“அப்ப அவளுக்கு மருந்து?” என்றார்.

சும்மா இருக்க முடியாமல் அவருடைய அக்கவுண்டைத் திறந்து பார்த்தேன். வருடம் தொடங்கியதிலிருந்து ஒரு சதம்கூடத் தொடவில்லை. கண்ணாடி போடுவதில்லையா என்று கேட்டேன். போடுகிறாராம். பல்லும் பிடுங்கினாராம். மனைவிக்குச் சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் மாதாமாதம் வாங்குகிறார்களாம். எல்லாம் கைக்காசு. அக்கவுண்ட் ஆபத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். நல்ல பீங்கானை அலுமாரிக்குள் பூட்டிவைக்கிற நம்முடைய புத்தி வேறெங்கே போகும்?

“அந்த ரசீதுகளை வைச்சிருக்கிறியளோ?”

“மனிசி ஒரு பையிலை போட்டு வைச்சிருக்கு.”

“எல்லாத்தையும் அனுப்புங்கோ அண்ணை. அது உங்கடை கையிலை திரும்பி வாற காசு. அதிலை நீங்கள் ஆருக்கு என்ன வாங்கினாலும் ஒருத்தரும் கேக்கேலாது.”

பிறகு டெப்ராவிடம் போய் பெறாமகளை விளக்கினேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லையே என்றார். சட்டம் சொல்லவில்லை, அதனால்தான் அவர் கிளெயிமைத் திரும்ப எடுக்கிறார் என்றேன். டெப்ரா கொஞ்சம் யோசித்துவிட்டு ‘மோசடி?’யை வெட்டி, ‘தவறான புரிதல்’ என்று எழுதினார். பிள்ளை நடக்கிறாளா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அந்தப் பெட்டிகள் கொழும்பு போய்ச் சேர்ந்தன. பையில் கிடந்த ரசீதுகளுக்குக் காசு வந்ததும் அடுத்த பொதியும் போனது. தாய் தகப்பன் இல்லாத பெறாமகளைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, சிவா அண்ணை அதற்கும் அலைந்தார். இரண்டு குளிர்காலம் கழித்து அவள் வந்து சேர்ந்ததும், சட்டப்படி அவர் பொறுப்பில் இருக்கிற பிள்ளை என்ற பத்திரத்தோடு அவளுடைய பெயர் எங்களுக்கு வந்தது. நானே பதிந்தேன்.

முதல் கிளெயிம் காலுக்குத்தான் வரும் என்று பயந்துகொண்டு காத்திருந்தேன். வந்தது ஒரு கண்ணாடிக்கு. கொஞ்ச நாளில் இன்னொரு கண்ணாடிக்கும் வந்தது. இப்படி அடுத்தடுத்து வந்தால் விசாரிக்க வேண்டும் என்பது விதி. போன் எடுத்தேன்.

“ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்க ஓடேக்கை கண்ணாடியை விழுத்தி உடைச்சுப்போட்டாள் தங்கச்சி,” என்றார். “சொல்வழி கேக்கிறாளில்லை. ஒரே ஓட்டம்.”

நான் அழுதுவிட்டேன், அலுவலகத்தில் வைத்துத்தான்.

ஒரு கிளெயிமை நிராகரிக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதற்கு முன் ஒரு போன் எடுங்கள் என்பதுதான் இந்த வேலை எனக்குக் கற்றுத் தந்தது. அன்றைய கோப்பில் காரணம் எழுதும் இடத்தில் ‘ஓடும்போது உடைந்தது’ என்று எழுதி, கையெழுத்துக்காக டெப்ராவின் மேசையில் வைத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.