நடையைப் பார்த்தாலே தெரியும்

எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டு பேருக்கு அந்த நாவலின் மூன்றே பிரதிகள்தான் இருந்தன. மிஸ்ஸிடம் ஒன்று, நூலகத்தில் ஒன்று, லீடரிடம் ஒன்று. லீடருடையது ஜெராக்ஸ் பிரதி. ஒவ்வொரு பக்கத்தின் உள்ஓரத்திலும் கருப்பாக ஒரு பட்டை விழுந்து, வரிகளின் ஓர எழுத்துகளை விழுங்கியிருக்கும். சத்தமாக வாசிக்கும்போது அந்த எழுத்துகளை ஊகித்துக்கொண்டே வாசிப்பாள். நைஜீரியாவின் இக்போ மக்கள் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னால் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும் நாவல் அது. கிழங்கு நடுவது, வந்தவருக்குக் கோலாக் கொட்டை உடைத்துக் கொடுப்பது, ஊர்கூடித் தீர்ப்புச் சொல்வது என்று முதல் நூறு பக்கங்கள் நிதானமாகப் போகும். மற்ற நாங்களெல்லாம் அந்த ஊர்ப் பெயர்களைக் கண்டாலே சிரித்துத் தடுமாறுவோம். லீடர் மட்டும் திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்களைச் சொல்வதுபோல அவற்றைச் சரளமாகச் சொல்வாள். வகுப்பின் பிரதிநிதியாக அவளைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிஸ்கூட லீடர் என்றுதான் சொல்வார். இரண்டாயிரமாம் ஆண்டுக்கு ஓரிரு வருஷம் முன்னால், வடசென்னையின் ஒரு பெண்கள் கல்லூரியில், பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம்.

எங்கள் இருவர் வீடும் திருவொற்றியூரில் ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தன. அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவும் அண்ணனும்தான். அண்ணன் ஒரு எண்ணெய்க் கிடங்கில் காண்ட்ராக்ட் கூலி. காலியான டேங்க்குகளுக்குள் இறங்கி அடியில் தங்கிய கசடைச் சுரண்டி எடுக்கிற வேலை. அந்தக் கூலி ஆட்களுக்கு மேஸ்திரி என் அப்பா. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் உருண்டு வந்த பீப்பாய் ஒன்று அப்பாவின் இடது பாதத்தை நசுக்கிவிட்டது. அதன்பிறகு அந்தக் காலை வெளிப்பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டுக் கொண்டுவந்துதான் கீழே வைப்பார். தெருமுனையில் அவர் திரும்பும்போதே, முகம் தெரிவதற்கு முன்னால், அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள்.

அந்த வருஷம் பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வகுப்பில் மிஸ் அந்த நாட்டின் வறண்ட காற்றைப் பற்றிச் சொன்னார். பாலைவனத்திலிருந்து தூசியை அள்ளிக்கொண்டு வந்து, பகலிலேயே சூரியனை மங்கவைத்துவிடுமாம். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று வீசினால் கொடியில் காய்கிற துணியில் சாம்பல் படிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். "இன்னா மிஸ், நம்ம ஊட்டாண்ட மாதிரியே கீது" என்று லீடர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

போகியன்று காலை ஆறேகால் இருக்கும். தெரு முழுக்கப் பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. பனியும் புகையும் சேர்ந்து நாலு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் அடிக்கிற போகி மேளம் எந்தத் தெருவிலிருந்து வருகிறதென்றுகூடச் சொல்லமுடியவில்லை. நான் தெருக்கோடியிலிருந்த கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து நேரே போனால் தண்டவாளம். புகைக்குள்ளிருந்து ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது. ஓட்டுகிறவன் மிதிக்காமல் இறங்கி இழுத்துக்கொண்டு வந்தான். மூன்று பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். நான்கு பேரும் துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தார்கள். அன்று காலை எல்லோருமே அப்படித்தான் சுற்றியிருந்தார்கள் என்பதால் அது எனக்கு வினோதமாகப் படவில்லை. வண்டியின் மேல் நீலத் தார்ப்பாய். கடைசியில் வந்தவர் இடது காலை அரைவட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். இரவு வேலைக்குப் போன அப்பா வண்டியோடு இங்கே ஏன் வருகிறார் என்று நினைத்து, கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது பம்படியிலிருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி, தார்ப்பாய் சரிந்து, ஒரு கை வெளியே வந்தது. முழங்கை வரை கருப்பாகக் கசடு படிந்த கை. அப்பா அதைப் பிடித்து உள்ளே மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. கட்டையைப்போல நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு முறை முயன்றுவிட்டு, தார்ப்பாயை இழுத்து அதன்மேல் போட்டார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் நிரம்பிய குடத்துக்கு மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தேன்.

எட்டு மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்து குளித்தார். அம்மா வடை சுட்டு வைத்திருந்தாள். இரண்டைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மதியம் செய்தி வந்தது. லீடரின் அண்ணன் போதையில் தண்டவாளத்தில் படுத்துவிட்டானாம், புகையில் டிரைவருக்குத் தெரியவில்லையாம், ரயில் ஏறிவிட்டதாம். அவன் குடிக்கமாட்டான் என்று தெரு முழுக்கத் தெரியும். அன்று இரவு அவனுக்கு டேங்க்கில் வேலை இருந்ததும் தெரியும். கிடங்குக்குள் சாவு விழுந்தால் காண்ட்ராக்டர் மேல் வழக்கு வரும், காண்ட்ராக்டே போய்விடும் என்பதும் தெரியும். காண்ட்ராக்டர் மாலையோடு வந்து சாவு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் போய் ஒரு ஓரமாக நின்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. காண்ட்ராக்டரை நம்பித்தான் அந்த இரண்டு தெருக்களிலும் அடுப்பு எரிந்தது. விபத்து என்றே வழக்கு முடிந்தது. ஆனால் டீக்கடையில் யாரோ ஒருவன், ரயில் வருவதற்கு முன்னால் புதர்ப் பக்கமிருந்து முனகல் கேட்டது என்று சொல்லிவிட்டான். யார் சொன்னது என்று தெரியாமலே அந்தச் சொல் ஊரைச் சுற்றி, நாலாம் நாள் லீடரின் அம்மா காதில் போய் விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து லீடர் கல்லூரிக்கு வந்தாள். அன்று நாவலில் முகமூடிகள் வருகிற பகுதி. ஊரில் பெரிய வழக்கு என்றால் செத்துப்போன முன்னோர்கள் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வருவார்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. ஊர்ப் பெரியவர்கள்தான் மரமுகமூடி மாட்டி, ஓலையும் நாரும் சுற்றிக்கொண்டு வருவார்கள். பெண்களும் பிள்ளைகளும் அலறி ஓடவேண்டும். வாசிப்பதற்கு மிஸ் வேறு ஒரு பெண்ணை எழுப்பினார். வாசித்து முடிந்ததும் வழக்கம்போலக் கேள்வி கேட்டார். அந்தப் பெண்களுக்கு உள்ளே இருப்பது தங்கள் புருஷனும் அப்பனும்தான் என்று தெரியாதா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு?

லீடர் எழுந்து நின்றாள். மிஸ் அவளை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"தெரியும் மிஸ். நடைய பாத்தாலே தெரியும். தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. சொல்லிட்டா அப்பால அது முகமூடி இல்ல, வெறும் ஆளு. எல்லாரும் சொல்லாம இருக்கறதாலதான் அது சாமி."

"குட்" என்றார் மிஸ், மெல்லிய குரலில். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்து போகிறவர். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பஸ்களை விட்டுவிட்டாள். கூட்டம் போனபிறகு கேட்டாள்.

"போகியன்னிக்கு நீ பம்ப்பாண்டதான இருந்த?"

"ஆமா."

"யாருன்னு உன்னாண்ட கேக்கல. அது வேணாம், உடு. ஒண்ணு மட்டும் சொல்லு. இஸ்துகினு போவச் சொல்லோ எங்கண்ணனுக்கு உசுரு இருந்துச்சா? அம்மா சோறு துன்ன மாட்டுது. ரயிலு வர்ற சத்தம் கேட்டாலே காத பொத்திக்கினு கத்துது. அத்த மட்டும் சொல்லு, போதும்."

விறைத்த கை எதைச் சொல்கிறது என்று தெரியாத வயதில்லை எனக்கு. பத்தொன்பது. ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால் நான் பார்த்தேன் என்று ஆகும். பார்த்தேன் என்றால் யார் யார் என்ற கேள்வி அடுத்து வரும். அவள் கேட்காவிட்டாலும் வேறு யாராவது கேட்பார்கள். துண்டுக்கு மேலே தெரிந்த கண்கள் என் முன்னால் நின்றன.

"ஒரே புகையா இருந்துச்சு லீடர். நான் ஒண்ணும் பாக்கல" என்றேன்.

"சரி" என்றாள். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு கல்லூரிக்கு வரவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளில் அவளும் அம்மாவும் தெருவைக் காலிசெய்துவிட்டு எர்ணாவூர்ப் பக்கம் போய்விட்டார்கள். வகுப்புக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று மிஸ் என்னைப் போட்டார். மீதிப் படிப்பு முழுவதும் எல்லோரும் என்னை லீடர் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். பரீட்சையில் அந்த முகமூடிகளைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அவள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

அப்பாவுக்கு அறுபது தாண்டியதும் நுரையீரல் கெட்டுப்போனது. இத்தனை வருஷமும் அந்தக் காலையைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரே வீட்டில் ஒருவர் தட்டில் ஒருவர் சோறு போட்டுக்கொண்டு வாழ்ந்தோம். எனக்குக் கல்யாணமாகி, பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராகி, பிள்ளைகள் பிறந்து, அவர் பேரப்பிள்ளைகளுக்குப் போகி மேளம்கூட வாங்கிக் கொடுத்தார். போன வருஷம், பேசமுடியாமல் போவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், நான் ஆஸ்பத்திரியில் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது தானாகவே ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ள உள்ள எறங்குனதும் மூச்சு முட்டி வுழுந்துட்டான். உள்ள வெஷ கேஸு. ஒருத்தனும் எறங்க மாட்டேன்னுட்டானுங்க. நான்தான் மூக்க கட்டிக்கினு எறங்கி, இடுப்புல கயிறு போட்டு மேல தூக்கினேன். தூக்கச் சொல்லோவே முடிஞ்சி போச்சு. ராத்திரி பதினோரு மணிக்கே."

"அப்புறம் ஏன் நைனா?" என்று கேட்டேன்.

கஞ்சியைக் கையால் தள்ளிவிட்டார். "ஏன்னு உனக்குத் தெரியும்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஒருவனைக் காப்பாற்ற விஷக்காற்றுக்குள் இறங்கியவரும், விடிந்ததும் அவனைத் தண்டவாளத்தில் கிடத்தியவரும் ஒரே ஆள். இந்த இரண்டையும் நான் இன்னும் ஒன்றாக நினைத்துப் பார்க்கப் பழகவில்லை.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து எர்ணாவூருக்குப் போனேன். விசாரித்ததில் வீடு கிடைத்துவிட்டது. வரிசையாக ஓட்டு வீடுகள். பாதி வீடுகளில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். லீடர் வாசலிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். வா என்று சொல்லவில்லை. காலை மட்டும் மெஷினிலிருந்து எடுத்தாள். நான் நின்றபடியே சொன்னேன். நான் பார்த்ததை, அந்தக் கை மடங்காததை, தள்ளிக்கொண்டு போனவர் யார் என்பதை, அவர் சாவதற்கு முன் சொன்னதை, எல்லாவற்றையும். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மடங்கவே இல்லியா?"

"இல்ல. ரெண்டு தபா மடக்கிப் பாத்தாரு."

எழுந்து திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் அவள் அம்மா படுத்திருந்தது தெரிந்தது. காது சுத்தமாகக் கேட்காது போலிருக்கிறது. லீடர் குனிந்து, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பி, கத்தினாள்.

"எம்மா! அண்ணன் மொதல்லயே செத்துட்டாம்மா. ராத்திரியே, டேங்க்குல. ரயிலு ஏறச் சொல்லோ அதுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. வலிக்கலம்மா."

கிழவி எதையோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை.

"மேஸ்திரி பொண்ணு வந்துகீதும்மா!" லீடரின் குரல் இன்னும் உயர்ந்தது. "மேஸ்திரிதான் தூக்கினு போய் தண்டவாளத்துல போட்டாராம்! காண்ட்ராக்டர் சொல்லி போட்டாங்களாம்! பொண்ணு பாத்துச்சாம்! கண்ணால பாத்துச்சாம்!"

தெருவில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாசல்களில் பெண்கள் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கிழவி பெரிதாக, நீளமாக மூச்சு விடுவது கேட்டது. நான் முகத்தை மூடிக்கொள்ளாமல், அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.