மூக்கால் சாப்பாடு சொன்னவர்

வாயால் சாப்பிட முடியாத குழந்தைக்குச் சாப்பாட்டின் மணத்தைக் காட்டலாமா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

என் மூன்று வயது மகளுக்குக் குடல் வேலை செய்வதில்லை. இரத்தக் குழாய் வழியாகத்தான் உணவு ஏறுகிறது. மாற்றுக் குடலுக்காகக் காத்திருக்கிறோம். அவள் ஏங்கக் கூடாதென்று கதவை மூடிக்கொண்டு சாப்பிட்டு வந்தோம்.

பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போக மாரிகுப்பத்தில் ரயில் ஏறினோம். எதிரே மாஸ்க் போட்ட ஒல்லி மனிதர். வேலைக்குப் போகிறவர்கள் தினசரி விளையாட்டுப்போல டிபன் பாக்ஸை லேசாகத் திறந்து, உள்ளே என்னவென்று சொல்லச் சொல்லி அவரிடம் நீட்டினார்கள். மாஸ்கை இறக்கி, கண்ணை மூடி முகர்ந்தார்.

"தக்காளித் தொக்கு. அடி புடிச்சிருக்கு. வூட்ல சண்டையா?"

பெட்டியே சிரித்தது. நான் அவசரமாக மகளை ஜன்னல் பக்கம் திருப்பினேன். ஏனென்று கேட்டார், சொன்னேன்.

"எனக்கும் குடல் மாத்தனதுதாம்மா. அதுக்கு முன்னால எங்க வூட்லயும் ஒளிஞ்சிதான் துன்னாங்க. புதுக்குடல் வந்தப்போ துன்ற பழக்கமே போயி, இட்லியப் பார்த்தாலே பயம். மோந்து மோந்துதான் வாயைப் பழக்கினேன். பாப்பாவத் திருப்பாதீங்க."

மகள் ஒரு டப்பாவை முகர்ந்து, "சோப்பு!" என்றாள். அது எலுமிச்சை சாதம்.

டப்பாக்காரர் கும்பிட்டார். "எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத தாயி!"

இப்போது கதவைத் திறந்துவைத்தே சாப்பிடுகிறோம். நேற்று அவள் "கருவாடு!" என்று சரியாகச் சொன்னாள். கைதட்டிவிட்டு, ஏங்கவைக்கிறேனோ என்று பயந்தேன். டாக்டர் தடை சொல்லவில்லை. என் மனம்தான் சொல்கிறது. இப்படியொரு குழந்தையை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்களேன்.