கடுகுக்காகப் படித்தவர்கள்

இது கதையில்லை. நடந்தது. என் அண்ணிக்கு நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இது பட்டப்பகலில், நூலகத்தில் ஆள் இருக்கும்போதே நடந்தது. அண்ணி கயிறு திரிக்கிற ரகமும் இல்லை. குழம்பில் உப்புக் கம்மி என்றால் சமைத்தவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அண்ணி படித்தது ஒரு சின்னக் கலைக் கல்லூரியில். மொத்தமே முந்நூறு சொச்சம் பேர். வகுப்பு என்றால் ஒரு நீள மேஜை, அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். யார் வரவில்லை என்று பேராசிரியர் பெயர் கூப்பிட வேண்டியதே இல்லை. காலி நாற்காலி காட்டிக் கொடுத்துவிடும்.

முதலாண்டில் ஒரு பெண் இருந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. எல்லாரும் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். உருவமும் அப்படி, வாயும் அப்படி. அவளுக்குத் தத்துவப் பாடத்தில் வாய்மொழித் தேர்வு. அதற்கான புத்தகம் ஒலிவடிவிலும் இல்லை, தடவிப் படிக்கிற புள்ளி எழுத்திலும் இல்லை. தேறாவிட்டால் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது.

"அழாதடி. நான் படிச்சுத் தரேன்" என்றார், கடைசி ஆண்டில் இருந்த அண்ணி.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்கப் பஞ்சு. கனமான கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கதவைச் சாத்தினால் உலகமே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும். மதியம் வகுப்பு முடிந்ததும் அண்ணி அங்கே போய், கடுகின் சின்ன ரெக்கார்டரில் ஓர் அத்தியாயம் படித்துப் பதிவு செய்வார். சாயங்காலம் அவளிடம் கொடுப்பார்.

முதல் பதிவைக் கேட்டுவிட்டு வந்தாள் கடுகு.

"அக்கா, கூட யாரு இருந்தா?"

"யாருமில்லையே. ஏன்?"

"நீங்க மூச்சு விடும்போது இன்னொருத்தங்க மூச்சு இழுக்கிறாங்க."

"ஏசி சத்தமா இருக்கும்டி." அண்ணி சிரித்துவிட்டார்.

அந்த அறையில் ஏசியே கிடையாது. விடுதிக்கு வந்து படுத்த பிறகுதான் அது உறைத்தது.

மறுநாள் கடுகின் குரல் தணிந்திருந்தது.

"ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் கதவைத் தட்டுற சத்தம் கேக்குதுக்கா."

"வெளிய யாராவது தட்டியிருப்பாங்க."

"வெளிய தட்டுனா வேற மாதிரி கேக்கும். இது உள்ளேயிருந்து தட்டுறது."

படிக்கும்போது அண்ணி காதில் அப்படி எதுவும் விழவேயில்லை. ஆனால் தேர்வு நெருங்கிவிட்டது. பாதிப் புத்தகம் மிச்சம். அந்தப் பெண்ணை நட்டாற்றில் விட மனசு வரவில்லை. திரும்பவும் போனார்.

அன்று மழை. மதியம் மூன்றேகால். அண்ணி படித்துக்கொண்டிருந்தார். களைப்பில் கண் ஒரு வரியைத் தாண்டிவிட்டது.

விட்டுப்போன அந்த வரியை... யாரோ படித்தார்கள்.

பக்கத்தில். காதோரத்தில். நாள்கணக்கில் தண்ணீர் காணாத தொண்டையிலிருந்து வருகிற குரல்.

திரும்பினார். பஞ்சுச் சுவர்தான் இருந்தது.

எழுந்து ஓடிக் கதவை இழுத்தார். அசையவில்லை.

கண்ணாடி வழியே பார்த்தார். நாலெட்டு வைத்தால் தொடுகிற தூரத்தில் நூலகர், முதுகைக் காட்டியபடி புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். நூலகர் ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி, நிதானமாக அலமாரியில் வைத்தார்.

இரண்டு கையாலும் கதவை அடித்தார்.

டம்... டம்... டம்...

கை வலித்து நிறுத்தினார்.

டம்... டம்...

சத்தம் நிற்கவில்லை.

கீழேயிருந்து வந்தது. அவர் முழங்கால் உயரத்திலிருந்து. நிற்கத் தெம்பில்லாமல், உட்கார்ந்தபடி தட்டுகிற மாதிரி...

அண்ணி குனியவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது.

வெளியே நூலகர். அவர் பக்கத்தில் கடுகு. அன்றைய பதிவை வாங்க வந்தவள், கதவில் கை பட்டதும் அதிர்வு தெரிந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"பூட்டவே இல்லையேம்மா. தொட்டதும் திறந்துருச்சு" என்றார் நூலகர்.

கடுகு உள்பக்கமாக முகத்தைத் திருப்பினாள். "ரெண்டு பேர் தட்டுனாங்க சார். இன்னொருத்தங்க எங்க?"

நூலகர் முகத்தில் ஈயாடவில்லை. மேலே கூட்டிப்போய் உட்கார வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நடந்தது. கண்ணு தெரியாத பையன் ஒருத்தனுக்குப் படிச்சுக் கொடுக்க ஒரு பொண்ணு வரும். விடுமுறை விடுற அன்னிக்கு உள்ள போயிருக்கு. கதவு சிக்கிக்கிச்சு. வீட்ல, பொண்ணு ஹாஸ்டல்ல இருக்குன்னு நெனச்சாங்க. ஹாஸ்டல்ல, வீட்டுக்குப் போயிடுச்சுன்னு நெனச்சாங்க. கல்லூரி திறந்தப்பதான்..."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்போ கதவுல கண்ணாடி கிடையாதும்மா. அதுக்கப்புறம்தான் வச்சாங்க."

அண்ணிக்கு அன்றே காய்ச்சல் கண்டது. ரெக்கார்டரை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மறுநாள் நூலகர்தான் எடுத்துக் கடுகிடம் கொடுத்தார். அந்த அறைக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

கடுகு தேர்வில் தேறினாள். சும்மா இல்லை, பேராசிரியரே கை குலுக்கினார். கடைசி அத்தியாயங்களிலிருந்து கேட்டதற்குக்கூட வரி பிசகாமல் பதில் சொன்னாளாம்.

அண்ணி அந்த அத்தியாயங்களைப் படிக்கவேயில்லை.

அவளிடம் கேட்டார். "மிச்சத்தை யாருடி படிச்சது?"

"அவங்கதான். நீங்க விட்ட இடத்துலேர்ந்து, கடைசிப் பக்கம் வரைக்கும்."

"அதை அழிச்சுடு கடுகு. உன் கால்ல விழறேன்."

கடுகு தலையை ஆட்டினாள். "மாட்டேன்க்கா. அன்னிக்கு அவங்க கூப்பிட்டது ஒருத்தருக்கும் கேக்கல. எனக்காவது கேக்குதே."

ரெக்கார்டரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இப்பெல்லாம் பாடம் படிக்கிறதில்லக்கா. பேசுறாங்க. நேத்துகூட, நீங்க ஏன் வரலைன்னு கேட்டாங்க."