மாவில் செய்த கருப்பை

போர்ட் பிளேயரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இனப்பெருக்கப் பாடத்துக்காக மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய படங்கள், கப்பல் தாமதமானதால் வரவில்லை. வேறு வழியில்லாமல் சப்பாத்தி மாவில் ஒரு கருப்பை செய்து எடுத்துப்போனேன்.

இந்தப் பாடமென்றால் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். அன்று நான் அனுப்பவில்லை. பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு.

முன் பெஞ்சு நஸ்ரினுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மாவை முதலில் அவளிடம் கொடுத்தேன். அவள் விரல்கள் அதை மெல்லச் சுற்றிவந்தன. வகுப்பில் இந்திதான் பேசுவோம். வியப்பில் அவளுக்கு இந்தி கலந்த வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"மிஸ், இவ்ளோ சோட்டாவா? இதுக்குள்ளயா புள்ள வளருது?"

"ஆமாம்மா. உன் கைய மூடுனா எவ்ளோ இருக்கும், அவ்ளோதான். புள்ள வளர வளர அதுவும் பெருசாகும்."

எல்லோருக்கும் இந்தியிலும் சொன்னேன். நஸ்ரின் ஒரு கையை மூடி, மறுகையால் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. நிமிர்ந்தால், பின் பெஞ்சுப் பையன்கள் எல்லாரும் தங்கள் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படங்கள் அடுத்த கப்பலில் வந்தன. அந்தச் சுருளை நான் இன்னும் பிரிக்கவில்லை. அதில் இருப்பதை என் வகுப்பு ஏற்கெனவே பார்த்துவிட்டது.