சித்தி காதைத் தொட்டால்

எங்கள் சித்தி ஒரு காலத்தில் மாநில மகளிர் கூடைப்பந்து அணியின் பாயிண்ட் கார்டு. பந்தைக் கொண்டுபோய், அதை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கிற ஆள். பிறகு ஒரு பெண்கள் கல்லூரியில் கோச் ஆனாள். தற்காலிக வேலைதான். அந்த வருஷம் கோப்பை வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அம்மா கபாலீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டாள்.

மயிலாப்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களை நிறுத்தி சித்தி ஆட்டம் போட்டுப் பார்ப்பாள். எதிரணி நான். அவள் காதைத் தொட்டால் வெளியிலிருந்து எறியவேண்டும், இரண்டு விரல் காட்டினால் கூடைக்கடியில் நிற்கிற உயரமான பெண்ணுக்குக் கொடுக்கவேண்டும். எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாடு வராது. இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அடையாறில் இறுதி ஆட்டம். முதல் பாதியில் சித்தியின் அணிப் பெண்கள் வெளுத்து வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் சுடிதார் போட்ட ஓர் அக்கா, காலில் கட்டோடு மாங்காய்ப் பத்தை தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். சும்மா இருந்தேனா?

"பாருங்கக்கா, எங்க சித்தி காதைத் தொடறா. இப்ப வெளியிலேர்ந்து போடுவாங்க!"

அப்படியே போட்டார்கள். அக்கா மெல்வதை நிறுத்திவிட்டாள்.

"அட, இன்னும் என்னல்லாம் தெரியும் பாப்பா?"

அத்தனையும் ஒப்பித்தேன். அவள் எழுந்து, நொண்டிக்கொண்டே போய் எதிரணி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எனக்குத் திக்கென்றது. இரண்டாம் பாதியில் சித்தி காதைத் தொட்ட மாத்திரத்தில் அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் அங்கே போய் நின்றார்கள். விரலைக் காட்டினால் உயரமான பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள். ஐயோ, நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

திரும்பும்போது ஆட்டோவில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி பேயறைந்த மாதிரி என்னையே பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. வீட்டில் அம்மாவிடம், "நான்தான் கோட்டை விட்டேன்க்கா, பாதியிலயே சிக்னலை மாத்தியிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

தப்பித்தோம்டா சாமி என்று நான் இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

மறுவாரம் சித்தி காலையில் எங்கும் கிளம்பவில்லை. எனக்கானால் ஏக சந்தோஷம்.

"இனிமே தினமும் நீயே என்னை ஸ்கூல்ல விடுவியா சித்தி?"

"விடறேன்டி" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதை வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன், பாவி.